வக்கீல் மேல் வழக்குப் போட்டவள்

புதூர் பக்கத்தில் ஆறுமுகத்தாயிடம் வசவு வாங்காத ஆள் இருந்தால், ஒன்று நேற்றுப் பிறந்த பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். அவள் வாய் அப்படி. ஆட்டுக்காரன், ரேஷன் கடைக்காரன், பஞ்சாயத்துத் தலைவர் என்று அவளுக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. நல்ல வார்த்தை பேசத் தெரியாதவள் இல்லை. ஒரு காலத்தில் பேசிப் பார்த்தாள், எவனும் காது கொடுக்கவில்லை, விட்டுவிட்டாள். வாயில்லாப் பூச்சியாக இருந்த விதவைகளை அந்த ஊர் எப்படி மென்று துப்பியது என்று கண்ணால் பார்த்தவள்.

புருஷன் செல்லத்துரை பாம்பு கடித்துச் செத்தபோது மகன் சதீஷ்குமாரைப் பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்த்திருக்கவில்லை. கையில் இருந்தது நாலு ஏக்கர் கரிசல். புருஷனும் அவன் தம்பியும் பிரித்துக்கொண்டு, பத்திரம் பதிந்து, கல் நட்ட நிலம். மழை பெய்த வருஷம் உளுந்தும் மிளகாயும் போட்டாள். மழை ஏமாற்றிய வருஷம் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். யாரிடமும் போய்க் கைநீட்டவில்லை. அதுவே பலருக்குப் பொறுக்கவில்லை, முதலில் பொறுக்காதவன் கொழுந்தன் இசக்கிதுரை.

மகன் தலையெடுத்து மீசை அரும்பும் நேரம் பார்த்து அவன் வழக்குப் போட்டான். "அண்ணன் உயிரோட இருக்கும்போதே அந்த நாலு ஏக்கரை எனக்கு வாய்மொழியா விட்டுக் கொடுத்துட்டான், மதினி அதை மறைக்கா" என்று பிராது. செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? ஆனால் பதிந்த பத்திரம் ஆறுமுகத்தாயின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. கோவில்பட்டியில் காசிராஜன் வக்கீலைப் பிடித்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் விரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதை வச்சுக்கிட்டா பயந்தீங்க? வாய்மொழியா நிலம் கைமாறுமா? அவன் கூண்டுல ஏறினா ரெண்டே கேள்வியில இறக்கிருவேன்."

சிரித்த முகத்தை நம்பினாள். அவள் வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்த காரியம் அது.

வழக்கு விசாரணைக்கு வந்த நாள் 1998 பங்குனியில் விழுந்தது. விழுந்த இடம் சரியில்லை. ஊர்க் காளியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்டு, கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டும் வாரம் அது. அந்த ஊரில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கொடை முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீடானாலும் சரி, பிரசவமானாலும் சரி, தாண்டினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருஷம் ஆறுமுகத்தாய் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். யாருக்காக என்றால், மஞ்சள் காமாலை கண்டு பிழைப்பானா மாட்டானா என்று கிடந்து எழுந்த மகனுக்காக.

அதனால் காப்புக் கட்டுவதற்கு முன்பே பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். வக்கீலை நேரிலேயே பார்த்தாள்.

"அய்யா, வாய்தா அன்னைக்கு என்னால வர ஏலாது. கையில காப்பு இருக்கும். ஒரு வாரம் தள்ளி வாங்கிக் குடுங்க."

"இதுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க? நான் சொல்லிக்கிடுதேன். நீங்க போய்ச் சாமியைக் கும்பிடுங்க."

அவள் தீச்சட்டி எடுத்தாள். கொடை முடிந்து போய்க் கேட்டபோது, "வாய்தா வாங்கியாச்சு, கேஸ் நிக்கிது. நான் ஆள் விடுத வரைக்கும் அலைய வேண்டாம்" என்றார். அடுத்த தடவையும் கேஸ் நிற்கிறது என்றார். ஜட்ஜ் மாறிவிட்டார், நிற்கிறது. லீவு விட்டுவிட்டார்கள், நிற்கிறது. அவள் உளுந்து விதைத்து, களையெடுத்து, அறுத்து, மறுபடி விதைத்தாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது.

பிறகு ஒரு நாள் காலையில் கோர்ட் அமீனா வந்தார், கூடவே தண்டோராக்காரனும் ஒரு போலீஸ்காரரும். கோர்ட் தீர்ப்புப்படி நாலு ஏக்கரும் இசக்கிதுரைக்குச் சுவாதீனம் ஒப்படைக்கப்படுகிறது என்று வரப்பில் நின்று பறையடித்துச் சொன்னார்கள். மிளகாய் பழுத்து நின்றது. ஆறுமுகத்தாய் மண்ணை வாரி இறைத்தாள், அமீனாவின் பையைப் பிடுங்கினாள், போலீஸ்காரர் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இசக்கிதுரை வேலிக்கருவை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைய எதுக்கு ஏசுதீக மதினி? கோர்ட்டுல போயி ஏசுங்க. வாய்தாவுக்குப் போகாம இருந்தது நீங்க."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பங்குனி வாய்தா அன்றே, எதிர்த்தரப்பு வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. நின்ற கேஸ் எதுவும் இல்லை. இரண்டு வருஷமாக வக்கீல் நிற்கிறது நிற்கிறது என்று சொன்னது செத்த கேஸை.

கட்டியிருந்த சேலையோடு கோவில்பட்டிக்குப் போனாள். காசிராஜன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"வாய்தாவுக்கு வராம இருந்துட்டு இங்க வந்து கத்துனா?"

"வர ஏலாதுன்னு ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"எப்ப சொன்ன? எவன் கேட்டான்? எழுதிக் குடுத்தியா?"

எழுதிக் கொடுக்கவில்லை. வக்கீலிடம் வாயால் சொன்னால் போதாது, சாட்சி வைத்துச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெஞ்சில் இருந்த மற்ற கட்சிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குமாஸ்தா வந்து கையைப் பிடித்து வெளியே விட்டான். அவள் தெருவில் நின்று காசிராஜனின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினாள். ஏசி என்ன? நிலம் போனது போனதுதான்.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனுப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். கோவில்பட்டியிலேயே இன்னொரு வக்கீல் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவரும் காசிராஜனும் ஒரே சங்கம், ஒரே டீக்கடை. மனுவில் காசிராஜன் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார், கட்சிக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினார். இரண்டு வருஷமாகவா உடம்பு சரியில்லை என்று கேட்டு ஜட்ஜ் தள்ளுபடி செய்தார். வேறென்ன செய்வார்?

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாமல் போனது மகன் பேசிய பேச்சு. சதீஷ்குமார் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். நிலம் போன சேதி கேட்டு வந்தவன், ஊர் சொன்னதை அப்படியே நம்பினான்.

"வாய்தா கையில இருக்கும்போது ஒன்னைய எவ காப்புக் கட்டச் சொன்னா? வக்கீல்ட்டச் சொன்னேன் சொன்னேன்னு இப்ப கதை விடுத. சொல்லியிருந்தா அவரு பாத்திருக்க மாட்டாரா? படிச்ச மனுசன் பொய் சொல்லுவாரா? ஒன் திமிருல நிலத்தைத் தொலைச்சிட்ட."

அவனுக்காகக் கட்டிய காப்பு. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள், அழுவது அவளுக்குப் பிடிக்காது. "போலே வெளிய" என்றாள். அவன் போனான், பேச்சும் அதோடு நின்றது. பொங்கலுக்கும் வருவதில்லை.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கோவிலில் முதல் காப்பு இசக்கிதுரைக்குத்தான், அண்ணன் செத்த பிறகு அந்த உரிமை அவனுக்கு வந்திருந்தது. "நானும்தான் காப்புக் கட்டியிருந்தேன், ஊரைவிட்டு அசையலையே, என் வக்கீலு பாத்துக்கிட்டாரு" என்று அவன் கிணற்றடியிலும் டீக்கடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நியாயம்தானே என்றது ஊர். அவன் சொன்னால் வக்கீல் கேட்கிறார், இவள் சொன்னால் கேட்கவில்லை என்றால் இவள் சொல்லவே இல்லை என்றுதானே அர்த்தம்? ஆறுமுகத்தாய் பொய்க்காரி ஆனாள். நிலம் போனதைவிட அதுதான் அவளை அரித்தது. மகன் வாயால், நீ தொலைக்கவில்லை என்று ஒரு சொல் வர வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

காசிராஜன் மேல் வழக்குப் போட வேண்டும் என்று கோவில்பட்டிக் கோர்ட் வாசலில் ஒவ்வொரு வக்கீலாகக் கேட்டாள். ஒருவர் போர்டைத் திருப்பி வைத்தார். ஒருவர், "காக்கா கூட காக்காயைக் கொத்தாதும்மா" என்று தத்துவம் சொன்னார். அப்போ நீங்க காக்காதானா என்று கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் தூத்துக்குடிக்குப் போய் சத்யபிரியா என்ற பெண் வக்கீலைப் பிடித்தாள். அந்தப் பெண்ணும் இவளுக்குக் கொஞ்சமும் குறையாத சிடுமூஞ்சி.

"கேஸ் தோத்துட்டேன்னு வந்திருக்கியளா, வக்கீல் கெடுத்துட்டாருன்னு வந்திருக்கியளா? ரெண்டும் வேற வேற."

"கெடுத்துட்டான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. நல்லா நடத்தியும் தோத்தா அவர் மேல போட முடியாது. டாக்டர் வைத்தியம் பாத்தும் ஆள் செத்தா டாக்டரைப் பிடிக்க முடியுமா? செய்யுதேன்னு ஏத்துக்கிட்ட வேலையைச் செய்யாம விட்டாரான்னு பாக்கணும். அதனாலதான் போச்சுன்னும் காட்டணும்."

"அதனாலதான் போச்சு. வாய்தா வாங்குதேன்னு ஏத்துக்கிட்டான், வாங்கல."

"வாங்கியிருந்தா மட்டும் ஜெயிச்சிருப்பியளா? எப்படியும் தோக்குற கேஸுன்னா, அவர் என்னத்தைக் கெடுத்தாரு?"

ஆறுமுகத்தாய் பத்திர நகலை மேஜையில் போட்டாள். சத்யபிரியா படித்தாள், முகம் கொஞ்சம் இளகியது. ஏமாந்தது எப்போது தெரிந்தது என்று கேட்டாள், அமீனா வந்த அன்றைக்கு என்றாள் இவள். தெரிந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைசியாகக் கேட்டாள்.

"காப்பு இருக்கு, வர ஏலாதுன்னு அவர்ட்டச் சொன்னதுக்கு என்ன அத்தாட்சி?"

"நான் சொன்னேன்."

"அவரு இல்லம்பாரு."

"அவன் பொய் சொல்லுவான்."

"அங்கதான் ஒங்க கேஸே நிக்கிது. சொன்னியன்னு ஆனா அவர் மாட்டினாரு. சொல்லலைன்னு ஆனா, வராம இருந்தது ஒங்க தப்பு. போடுதேன். ஆனா அங்கன வந்து வாயைத் திறக்கப்படாது."

தூத்துக்குடி நுகர்வோர் மன்றத்தில் போட்டார்கள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஓடாத மிக்ஸிக்கும் புளுத்த பிஸ்கட்டுக்கும்தானே அங்கே போவார்கள், வக்கீல் என்ன மிக்ஸியா என்று இசக்கிதுரை கேட்டதாகச் சேதி வந்தது. காசிராஜனும் அதையேதான் இங்கிலீஷில் கேட்டார், வக்கீல் மேல் இங்கே வழக்குச் செல்லாது என்று. அந்தக் காலத்தில் அதில் ஒவ்வொரு ஊர் மன்றமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மன்றத் தலைவர் ரிட்டையரான ஜட்ஜ், விசாரித்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார்.

காசிராஜன் கொடுத்த பதில் ரொம்பச் சுத்தமாக இருந்தது. கட்சிக்காரி எந்தத் தகவலும் சொல்லவில்லை, கொடை நடப்பதே தனக்குத் தெரியாது. மேலும் அந்த வாய்தா நாளில் தான் விளாத்திகுளம் கோர்ட்டில் வேறு வழக்கில் இருந்ததால், கோவில்பட்டியில் என்ன நடந்தது என்றும் தெரியாது. தெரியாது, தெரியாது, தெரியாது. தெரியாதவன் மேல் என்ன குற்றம் சொல்வீர்கள்?

குறுக்கு விசாரணை அன்றைக்கு சதீஷ்குமார் வந்திருந்தான். தேதி சொல்லி அவள் ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தாள். அம்மா என்னத்தைக் கிழிக்கப் போகிறாள் என்று பார்க்க வந்தவன்போல, பின் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்யபிரியா எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். காசிராஜன் எண்ணெய் பூசிய விலாங்கு மாதிரி வழுக்கிக்கொண்டே போனார். நேரம் ஆக ஆக அவருக்கு இளக்காரம் கூடியது. சத்யபிரியாவுக்குச் சொல்வதுபோல மன்றத்தைப் பார்த்துப் பேசினார்.

"இவங்க ஊர்ல என்ன விசேஷம்னு நான் பஞ்சாங்கம் பாத்துக்கிட்டா இருக்க முடியும்? நிலம் முக்கியம்னு நினைக்கிறவ வந்திருப்பா. காப்பாம் காப்பு! ஒரு முழக் கயிறு. அவிழ்த்து வச்சிட்டு வந்து, சாயங்காலம் போய்த் திரும்பக் கட்டிக்கிட்டா ஆச்சு."

ஆறுமுகத்தாய் எழுந்துவிட்டாள். சத்யபிரியா சேலையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஒரு முழக் கயிறா? ஒன் வீட்டுக்காரி கழுத்துலயும் அதே கயிறுதான கெடக்கு? அதைக் கழட்டி வச்சிட்டு கோர்ட்டுக்கு வா, சாயங்காலம் திரும்பக் கட்டிக்கிடலாம்னு சொல்லேன் பாப்போம், வருதாளான்னு!"

கோர்ட்டே அதிர்ந்தது. தலைவர் மேஜையைத் தட்டினார். காசிராஜனுக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. ஊரே கும்பிடும் வக்கீலை ஒரு குச்சி அடுக்குகிறவள், கருப்புக் கோட்டுகளுக்கு நடுவில் வைத்து, வீட்டுப் பெண்ணை இழுத்துப் பேசிவிட்டாள். அவருக்கு எதிரே மன்றம் இருப்பதே மறந்துபோனது.

"ஏ, வாயை மூடுடி! பெரிய பத்தினித் தெய்வம் மாதிரி பேசுதா. அன்னைக்கு ஒன் கொழுந்தன் கையில மஞ்சக் கயிறும் வேப்பிலையுமா வந்து கூண்டுல ஏறினானா இல்லையா? சட்டைக் கையை இழுத்து இழுத்து மறைச்சுக்கிட்டுச் சாட்சி சொன்னான். அவனுக்கு இல்லாத சாமி ஒனக்கு மட்டும் எங்கருந்துடி வந்துச்சு?"

சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினார். சத்யபிரியா கேட்பதற்கு வாயெடுத்தாள், தலைவர் கையமர்த்திவிட்டு அவரே கேட்டார்.

"மிஸ்டர் காசிராஜன், அவர் சட்டைக் கையை இழுத்து மறைச்சதை விளாத்திகுளத்துல இருந்தா பாத்தீங்க?"

தண்ணீர் டம்ளர் மேஜைக்குத் திரும்பியது. கேள்விப்பட்டேன் என்றார். யார் சொன்னது என்று கேட்டார்கள், ஞாபகமில்லை என்றார். அன்று கோவில்பட்டிக் கோர்ட்டில் இருந்தீர்களா இல்லையா என்று நேராகக் கேட்டார்கள். இன்னொரு கேஸுக்காகக் கொஞ்ச நேரம் ஹாலில் இருந்திருக்கலாம் என்றார். உங்கள் கட்சிக்காரி பெயரைக் கூப்பிட்டபோது இருந்தீர்களா? மேஜையில் இருந்த கட்டைப் புரட்டினார். எதிராளி கையில் காப்பைப் பார்த்தும், அதே ஊர்க்காரி ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியாமல் போனதா? பெயர் கூப்பிடும்போது எழுந்து ஒரு வாய்தா கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் உட்கார்ந்து, எதிராளி சட்டைக் கையை இழுப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறார் மனுஷர். இசக்கிதுரையிடம் காசு வாங்கினாரா, சோம்பலா, அவள் வாயின்மேல் இருந்த வெறுப்பா என்பது கடைசிவரை வெளிவரவில்லை.

தீர்ப்பு பிறகு வந்தது. கோர்ட்டில் இருந்துகொண்டே இல்லை என்றவரின் பேச்சை நம்ப முடியாது, அவள் முன்கூட்டியே சொல்லித்தான் இருக்கிறாள், ஏற்றுக்கொண்ட வேலையை அவர் செய்யவில்லை, செய்ததாக இரண்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறார், பத்திரத்தைப் பார்த்தால் அவள் ஜெயித்திருக்க வேண்டிய வழக்கு, நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காசிராஜன் சென்னைக்கு அப்பீல் போனார். நிலம் இசக்கிதுரையிடமே இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் காப்போடு எல்லை தாண்டியவன் என்ற சேதி அவன் வீடு போய்ச் சேருமுன் ஊர் போய்ச் சேர்ந்தது. அடுத்த கொடைக்கு முதல் காப்பு அவனுக்கு இல்லை என்று ஆனது. கோவில் வாசலில் வைத்து ஆறுமுகத்தாய் அவனை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

குறுக்கு விசாரணை நடந்த அன்றைக்கு மன்றம் கலைந்ததும் அவள் வராந்தாவுக்கு வந்தாள். சதீஷ்குமார் தூணோரம் நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"எம்மா, அவரு அங்கனயே இருந்துக்கிட்டு இல்லைன்னு பொய் சொல்லியிருக்காரே, அப்ப நீ அவருகிட்டச் சொல்லத்தான் செஞ்சிருக்க."

இந்த ஒரு சொல்லுக்குத்தான் வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை, பற்றி எரிந்தது.

"நான் சொல்லுதேன் சொல்லுதேன்னு கரடியாக் கத்தினேன், நம்பலை. அந்தக் களவாணிப்பய வாய் தவறிச் சொன்னதும் நம்பிட்டியோ? பெத்தவ சொன்னது பத்தல, நம்மைக் கெடுத்தவன் வந்துதான் ஒனக்குச் சாட்சி சொல்லணுமோ?"

"தெரியாம பேசிட்டேம்மா."

"அந்தக் காப்பு எதுக்குக் கட்டினேன்னு என்னைக்காவது கேட்டியாலே? நீ காமாலையில கெடந்து எந்திரிச்சதுக்குலே. சாமிக்குப் பயந்து இல்லலே, நீ செத்துருவியோன்னு பயந்து கட்டினேன்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அழுதாள், அது கோபத்தில் வந்த அழுகை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். அவனும் அதே பஸ்ஸில் ஏறினான். அவள் சீட்டுக்கு அருகில் வந்து, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் வந்து, "பையை மடியில வைங்கம்மா, தம்பி உக்காரட்டும்" என்றார். அவருக்கும் ஒரு வசவு விழுந்தது. எட்டயபுரத்தில் பாதிப் பஸ் காலியானது. அவன் வேறு சீட்டுக்குப் போகவில்லை. அவளும் பையை எடுக்கவில்லை.